சதைப் புற்றுநோய் ஒப்பரேஷனுக்குப் பிறகு கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) பிடிப்பது எப்போது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அத்தான் தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர். வலது தொடையில் கட்டி வந்தபோது, நெல் மூட்டை தூக்கியதில் சதை பிடித்துக்கொண்டது என்று எண்ணி எட்டு மாதம் எண்ணெய் பூசினோம். அது மென்னிழையப் புற்றுநோய் என்று தெரிய வந்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்த கேள்விகள்தான் கீழே இருப்பவை. அதற்குப் பிறகு கிளினிக் வாசலில் சந்தித்த பலர் இதே கேள்விகளை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் வைத்தியர் இல்லை. வைத்தியர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு விளங்கிக்கொண்டதையும், நாங்கள் விட்ட ஒரு பிழையையும் எழுதுகிறேன். உங்கள் ஆளுக்கு எது சரி என்பதை அவரைப் பார்க்கும் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

மென்னிழையப் புற்றுநோய் என்றால் என்ன?

தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக்குழாய், இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் நார்கள் ஆகியவற்றில் தொடங்கும் புற்றுநோய். டொக்டர்கள் சார்க்கோமா என்பார்கள். இந்தியப் புத்தகங்களில் மென்திசுப் புற்றுநோய் என்று இருக்கும். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவுதான் இது. அதனால்தான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கை, கால்களில், அதிலும் தொடையில் அதிகம் வரும். பெரும்பாலும் வலி இருக்காது. 5 சென்ரிமீற்றரைவிடப் பெரிய கட்டி, நாளுக்கு நாள் வளரும் கட்டி, சதைக்குள் ஆழமாக இருக்கும் கட்டி என்றால் எண்ணெய் பூசிக்கொண்டிருக்காமல் காட்ட வேண்டும்.

ஒப்பரேஷனில் கட்டியை எடுத்தாகிவிட்டதே, பிறகு எதற்குக் கரண்ட்?

கரண்ட் என்று நாங்கள் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையை. மின்சாரத்தை உடம்பில் பாய்ச்சுவதில்லை. எக்ஸ்ரே போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு வலுவான கதிர் அது.

கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் வெட்டுவார். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் சில கலங்கள் அந்த இடத்தில் தங்கியிருக்கக்கூடும். தொடையில் நரம்பும் பெரிய இரத்தக்குழாயும் பக்கத்தில் ஓடுவதால் நினைத்த அளவுக்கு அகலமாக வெட்டவும் முடியாது. தங்கிய கலங்களை அழிக்கத்தான் கதிர். அதே இடத்தில் கட்டி திரும்ப வரும் வாய்ப்பை அது நன்றாகக் குறைக்கிறது.

முந்திய காலத்தில் இந்த நோய்க்குக் காலையே எடுத்துவிடுவார்கள். அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனம் 43 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 1982 இல் முடிவை வெளியிட்டது. 16 பேருக்கு உறுப்பை எடுத்தார்கள். 27 பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் கொடுத்தார்கள். உயிரோடு இருந்த காலத்தில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அத்தான் இன்று இரண்டு காலோடு வரம்பில் நடப்பதற்கு அந்த 43 பேரும் ஒரு காரணம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எல்லோருக்கும் கதிர் தேவை என்று இல்லை. கட்டி சிறியதாக, தோலுக்குச் சற்றுக் கீழேயே, வீரியம் குறைந்ததாக இருந்து, சுற்றிலும் நல்ல இடைவெளி விட்டு எடுத்திருந்தால் ஒப்பரேஷனே போதும் என்று டொக்டர் சொல்லலாம்.

சரி, ஒப்பரேஷன் முடிந்து எத்தனை நாளில் தொடங்குவார்கள்?

பொதுவாக 4 முதல் 6 கிழமை. காயம் ஆறச் சுணங்கினால் 8 கிழமை வரை போகலாம். இதில் நாட்காட்டியைவிடக் காயத்துக்குத்தான் முதலிடம். தையல் மூடி, கசிவு நின்று, தோல் ஒட்டியிருக்க வேண்டும்.

காயம் ஆறும் வரை ஏன் நிற்க வேண்டும்? நோய் பொல்லாதது என்றால் அடுத்த நாளே கொடுக்கலாமே?

அக்கா இதைத்தான் முதல் நாளே கேட்டா. காயம் ஆறுவது என்றால் அந்த இடத்தில் புதுக் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றன, புதிய சிறு இரத்தக்குழாய்கள் முளைக்கின்றன, நார்கள் பின்னிக்கொள்கின்றன. கதிரோ பெருகுகிற கலங்களைத்தான் அதிகம் தாக்கும். புற்றுக் கலம் எது, காயத்தை மூட வந்த கலம் எது என்று அது முழுதாகப் பிரித்துப் பார்க்காது. அவசரப்பட்டுக் கொடுத்தால் தையல் விட்டுப்போகலாம், கிருமி தொற்றலாம், பிறகு மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடலாம். அப்படி நடந்தால் கதிரை இடையில் நிறுத்த வேண்டி வரும். சில கிழமை பொறுத்துத் தொடங்குவதைவிட அது மோசம்.

தொடைக் கட்டியை எடுத்த இடத்தில் ஒரு குழி இருக்கும். அதில் நீர் தேங்குவது சாதாரணம். அதற்காகத்தான் குழாய் வைத்து விடுகிறார்கள். வேறு இடத்தில் இருந்து தோலோ சதையோ எடுத்து மூடியிருந்தால் அது வேர் பிடிக்கவும் காலம் வேண்டும்.

அப்படியானால் நன்றாக ஆறட்டும் என்று மூன்று நான்கு மாதம் விடலாமா?

வேண்டாம். ஒரு கிழமை, இரண்டு கிழமை முன்பின்னாகப் போவதால் பெரிய பாதிப்பு வந்ததாக இதுவரை செய்த ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போனால் தங்கிய கலங்கள் பெருக இடம் கிடைக்கிறது. 4 மாதம் கடந்து தொடங்கியவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது கூடுதலாக இருந்ததைப் பழைய நோயாளர்களின் பதிவுகளைப் பார்த்துச் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. பிந்தித் தொடங்கியவர்களுக்கு வேறு சிக்கல்களும் இருந்திருக்கலாம். ஆகவே முழுப் பழியையும் தாமதத்தின் மேல் போட முடியாது. இருந்தாலும் நாங்களாக அந்த எல்லைக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

ஆறேழு கிழமை ஆகிவிட்டதே என்று இதை வாசித்துப் பயந்து அழுகிறவர்கள் இருந்தால், தயவுசெய்து அழ வேண்டாம். நாளைக்குப் போய்க் கேளுங்கள். நேரம் இருக்கிறது.

காயம் ஆறும் அந்தக் கிழமைகளில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான்.

அத்தானின் காயம் மூட 5 கிழமை எடுத்தது. கதிர்வீச்சுப் பிரிவுக்கு எழுதிய கடிதம் அந்த 5 கிழமையும் ஒரு கோவைக்குள் கிடந்தது. காயம் ஆறின பிறகு கொண்டுபோகலாம் என்று அங்கே ஒருவர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். ஆறிய பிறகு கொண்டுபோனோம். அப்புறம்தான் முதல் சந்திப்புக்குத் திகதி, பிறகு திட்ட ஸ்கானுக்குத் திகதி, பிறகு மெஷினுக்கு வரிசை. கடைசியில் 10 ஆவது கிழமைதான் தொடங்கினது. தவறிப்போகவில்லை, ஆனால் அந்த 5 கிழமையை வீணாக்காமல் இருந்திருக்கலாம். காயம் ஆறுகிற நாளும் வரிசையில் நிற்கிற நாளும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். நாங்கள் ஒன்று முடிந்த பிறகு மற்றதைத் தொடங்கினோம்.

ஏன் இத்தனை நாள் பிடிக்கிறது என்றால், கதிர் கொடுக்க முன் செய்கிற வேலை நிறைய. முதலில் வெட்டி எடுத்த கட்டியின் ஆய்வுகூட அறிக்கை வர வேண்டும். அதில் கட்டியின் வகை, அளவு, வீரியம், ஓரத்தில் புற்றுக் கலம் இருக்கிறதா என்பதெல்லாம் இருக்கும். பிறகு திட்டமிடும் சிடி ஸ்கான். காலை ஒரு நிலையில் வைத்து, ஒவ்வொரு நாளும் அதே நிலையில் வைப்பதற்கு அச்சோ மெத்தையோ செய்வார்கள், தோலில் அடையாளம் போடுவார்கள். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தில் இருந்து எவ்வளவு கதிர் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். இதற்கே ஓரிரு கிழமை ஆகலாம்.

ஆகவே வாட்டில் இருந்து வீட்டுக்கு வரும் நாளிலேயே கேளுங்கள்: "சேர், ரேடியோதெரபிக்கு எப்போது கடிதம் தருவீர்கள்? காயம் ஆறும் முன்பே முதல் சந்திப்புக்குப் போகலாமா?" கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆய்வுகூட அறிக்கை வந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எல்லோரும் பார்ப்பார்கள் என்றிருந்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

போகும்போது எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

நோயறி அட்டை, ஆய்வுகூட அறிக்கை, ஒப்பரேஷன் குறிப்பு. இவற்றோடு மிக முக்கியமாக, ஒப்பரேஷனுக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ படமும் அதன் சீடியும். கட்டி இப்போது அங்கே இல்லையே. முன்பு எங்கே இருந்தது என்பதை அந்தப் பழைய படத்தில்தான் பார்க்க முடியும். சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் குழியின் ஓரங்களில் சிறிய உலோகக் கிளிப் வைத்துவிடுவார்கள். அது ஸ்கானில் தெரியும்.

கொழுப்புக் கட்டி என்று எண்ணி வெளியில் வெட்டி எடுத்துவிட்டோம். பிறகுதான் புற்றுநோய் என்று அறிக்கை வந்தது. இப்போது நேரே கரண்ட் பிடிக்கலாமா?

பெரும்பாலும் இல்லை. அத்தானுக்கும் முதலில் இப்படித்தான் நடந்தது. ஸ்கான் ஒன்றும் எடுக்காமல், விறைப்பு ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். இப்படி எடுத்தால் ஓரங்களில் புற்றுக் கலம் மிஞ்சியிருக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் எம்ஆர்ஐ எடுத்து, பழைய தழும்பையும் சேர்த்து இரண்டாவது தரம் அகலமாக எடுப்பார்கள். கதிருக்கான நாளை அந்த இரண்டாவது ஒப்பரேஷனில் இருந்து எண்ண வேண்டும். முதலில் வெட்டிய துண்டை ஆய்வுக்கு அனுப்பாமல் எறிந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிலருக்கு ஒப்பரேஷனுக்கு முன்பே கொடுக்கிறார்களே?

ஆம், அதுவும் ஒரு வழி. முன்பே கொடுத்தால் 25 தரம், மொத்தம் 50 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). கதிர் முடிந்து 3 முதல் 6 கிழமையில் ஒப்பரேஷன். பிறகு கொடுத்தால் ஒரு தரத்துக்கு 2 கிரே வீதம் 30 முதல் 33 தரம், மொத்தம் 60 முதல் 66 கிரே. கனடாவில் 190 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்து, 2002 இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பே கதிர் பெற்றவர்களில் 35 வீதமானவர்களுக்குக் காயச் சிக்கல் வந்தது. பிறகு பெற்றவர்களில் அது 17 வீதம். ஆனால் பிறகு பெறுகிறவர்களுக்குக் கதிரின் அளவும் கூட, படும் இடமும் பெரிது. அதனால் வருடங்கள் போகப் போகச் சதை இறுகுவதும் மூட்டு மடங்காமல் போவதும் அவர்களுக்கே அதிகம். எது நல்லது என்பது கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கட்டி இன்னும் எடுக்கப்படவில்லை என்றால், சத்திரசிகிச்சை நிபுணரும் புற்றுநோய் நிபுணரும் வெட்டும் முன்பே ஒன்றாகப் பேசி முடிவெடுப்பதுதான் நல்லது.

கீமோவும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகவா?

இந்த நோய்க்கு அதிகம் கொடுக்கும் டொக்ஸோரூபிசின் என்ற மருந்தைக் கதிரோடு ஒரே நேரத்தில் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். தோலையும் சதையையும் அது கூடுதலாகப் புண்ணாக்கும். எது முன், எது பின் என்பதை நிபுணர் வகுப்பார். கீமோ முதலில் என்றால் கதிருக்கான திகதியை அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் இருந்து எங்கே போக வேண்டும்?

எங்கள் பக்கத்தில் இருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, யாழ்ப்பாணம் தெல்லிப்பழை, கண்டி, மகரகம அபேக்ஷா ஆகிய இடங்களுக்குப் போகிறார்கள். அரச ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. செலவு என்பது போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, அதோடு உழைப்பில்லாத நாட்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், 6 முதல் 7 கிழமை. மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான், ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காகத் தினமும் அங்கே இருக்க வேண்டும். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் பாதையில் (வாகனங்களையும் ஏற்றும் படகில்) ஏறக் காத்திருந்தவர்களுக்கு இப்போதைய பயணம் எவ்வளவோ மேல். என்றாலும் ஒப்பரேஷன் செய்த காலோடு தினமும் போய்வருவது முடியாத காரியம். உறவினர் வீடு, வாடகை அறை, ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்யும் இடம், எதுவாக இருந்தாலும் காயம் ஆறும் கிழமைகளிலேயே பார்த்து வைத்துவிடுங்கள். சமூக சேவை உதவி கிடைக்குமா என்று பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். கார்த்திகை, மார்கழியில் தொடங்குகிறது என்றால் மழையையும் வெள்ளத்தையும் கணக்கில் வைத்து ஒரு நாள் முந்தியே போய்விட வேண்டும்.

ஒரு நாள் தவறினால்?

உடனே பிரிவுக்கு அறிவியுங்கள். மெஷின் பழுதானாலும் சரி, பஸ் ஓடாவிட்டாலும் சரி, தவறிய தரத்தைக் கடைசியில் சேர்த்தோ வேறு விதமாகவோ ஈடு செய்ய அவர்கள் பார்ப்பார்கள். நீங்களாகவே ஒரு கிழமை வீட்டில் நின்றுவிட்டுப் போவதுதான் கூடாது. வயல் வெட்டு, கலியாண வீடு எல்லாம் இந்த 6 கிழமைக்குப் பொறுத்திருக்கும்.

காயம் சீக்கிரம் ஆற என்ன சாப்பிடலாம்? மீன், முட்டை கிரந்தி, புண்ணை ஆறவிடாது என்கிறார்களே?

எங்கள் வீட்டிலும் பெரியம்மா மீனை நிறுத்தச் சொன்னா. அவவின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் காயம் ஆறப் புரதம் வேண்டும். மீனும் முட்டையும் பருப்பும் அதற்குத்தான். திருகோணமலைக் கடலில் பாரையும் சூரையும் சீலாவும் பிடிபடும்போது நோயாளிக்கு வெறும் ரசமும் சோறும் கொடுத்து மெலிய விடக் கூடாது. முன்பே ஒவ்வாத சாப்பாடு ஏதும் இருந்தால் அதைமட்டும் தவிருங்கள். முருங்கையிலை, பழம், தயிர் எல்லாம் கொடுங்கள்.

சீனி வருத்தம் இருந்தால் இரத்தத்தில் சீனியைக் கட்டுப்பாட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் காயம் இழுத்துக்கொண்டே போகும். புகைத்தலை அடியோடு விட வேண்டும். அத்தான் 20 வருடமாகப் பிடித்த பீடியை அந்த வாட்டில்தான் விட்டார்.

கதிர் நடக்கும்போது தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு தோல் சிவந்து கறுக்கும், வறளும், சில இடத்தில் உரியும். சாதாரண தண்ணீரில் மெதுவாகக் கழுவி ஒற்றி எடுங்கள். பிரிவில் சொன்ன களிம்பைத் தவிர வேறு ஒன்றும் வேண்டாம். தைலம், மஞ்சள், பச்சிலை எல்லாம் தள்ளி நிற்கட்டும். போட்ட அடையாளத்தைத் தேய்த்து அழிக்க வேண்டாம்.

கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் கால் வலி போகும் என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். கதிர் பட்ட தோலுக்குச் சூடு ஆகாது, போக வேண்டாம். நிலாவெளிக் கடலில் குளிப்பதும் தோல் ஆறிய பிறகுதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலும் புழுதியும் படாமல் தளர்ந்த பருத்திச் சாரமோ பாவாடையோ உடுத்துங்கள்.

களைப்பு வரும், சோம்பல் என்று ஏசாதீர்கள். தலைமயிர் கொட்டாது, கதிர் படும் இடத்து மயிர் மட்டும்தான் விழும்.

கால் மடங்காமல் இறுகிப் போகுமா?

போகலாம். அதனால் பிசியோதெரபி சொல்லித்தந்த பயிற்சியைக் கதிர் நடக்கும் நாட்களிலும், முடிந்த பிறகும் விடாமல் செய்ய வேண்டும். கால் வீங்காமல் இருக்க, காலின் சுற்றளவு முழுவதும் படாமல் ஒரு பக்கத்து நீளத் துண்டைக் கதிரில் இருந்து விலக்கித் திட்டம் போடுவார்கள். கதிர் பட்ட எலும்பு வருடங்கள் கழித்துப் பலம் குறையலாம். பாரம் தூக்குவது பற்றி டொக்டரிடம் கேளுங்கள். அத்தான் இப்போது மூட்டை தூக்குவதில்லை.

பிள்ளை பெற வேண்டிய வயது. அதற்குப் பாதிப்பு உண்டா?

மேல் தொடை, இடுப்புப் பக்கம் என்றால் இருக்கலாம். வெட்கப்படாமல் திட்டம் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். பெண்கள் கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

கதிர் பிடித்துவிட்டு வந்தவர் பிள்ளைகளைத் தூக்கலாமா?

தூக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. புற்றுநோயும் தொற்றாது. அத்தானின் சின்ன மகளை ஒரு கிழமை பக்கத்தில் விடாமல் வைத்திருந்தோம். நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

காய்ச்சல், காயத்தில் சீழ், தையல் விரிதல், கால் திடீரென்று வீங்கி வலித்தல். இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாள் வரட்டும் என்று பார்க்காதீர்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ 1990 ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் பணம் வாங்காமல் வரும்.

எல்லாம் முடிந்த பிறகும் கிளினிக் போக வேண்டுமா?

கட்டாயம். முதல் இரண்டு மூன்று வருடம் பெரும்பாலும் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை. இந்த நோய் வேறு இடத்துக்குப் போனால் அதிகம் போவது நுரையீரலுக்கு. அதனால் கால் நோய்க்கு ஏன் நெஞ்சுப் படம் என்று குழம்ப வேண்டாம்.

நேர்த்தி வைத்திருக்கிறோம். கோணேசர் கோயிலுக்கு எப்போது போகலாம்?

கும்பிடப் போவதற்குத் தடையில்லை. மலைக்கு ஏற்றம் இருக்கிறது, கால் இடம் கொடுத்தால் ஊன்றுகோலோடு காலை வேளையில் போங்கள், இல்லாவிட்டால் மேலே வரை ஓட்டோவில் போகலாம். பிரதட்டை, காவடி போன்றவற்றைத் தோலும் காயமும் முழுதாக ஆறி டொக்டர் சரி என்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அத்தான் கடைசிக் கதிர் முடிந்து நான்காவது மாதம் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஏறினார்.